இரண்டடித் தொட்டியில் கோரி கூட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மீன் கடையில் ஒரு ஜோடி குப்பி, ஒரு ஜோடி மோலி என்று வாங்கிக்கொண்டிருக்கும்போது, கடைக்காரர் கூடவே, தொட்டித் தரையில் திரியும் மீசை மீனான கோரி (கோரிடோராஸ்) ஒன்றையும் கவரில் போட்டுத் தருவார். “கீழ விழுற தீனி, கழிவு எல்லாத்தையும் இதுவே தின்னுடும் சார், தொட்டி சுத்தமா இருக்கும்” என்பார். அப்படி வீட்டுக்கு வரும் ஒற்றைக் கோரி ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கும். சில மாதங்களில் மெலிந்து செத்தும் போகும்.

கோரி மீன் கழிவைத் தின்னாது. கண்ணாடியில் படியும் பாசியையும் தின்னாது. அது துப்புரவுப் பணியாள் இல்லை. கூட்டமாக வாழ்கிற, மணலைக் கிளறி இரை தேடுகிற, யாரோடும் சண்டைக்குப் போகாத ஒரு மீன். அதற்காகவே ஒரு தொட்டியை அமைத்தால் மேலே நீந்தும் எந்த வண்ண மீனையும்விடப் பார்க்க அருமையாக இருக்கும். ஆறு கோரிகள் வரிசையாக மணலில் மூக்கை நுழைத்துக்கொண்டு தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஆகவே இந்தத் தொட்டியை நாம் கீழிருந்து மேலாகத் திட்டமிடப் போகிறோம். முதலில் தரை, பிறகு தண்ணீர், அப்புறம் கோரி, கடைசியில்தான் மற்ற மீன்கள்.

தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இதைவிடச் சிறியது வேண்டாம். இதன் கொள்ளளவு 56 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடித்தள மீனுக்கு உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் முக்கியம். ஒன்றரையடி உயரத் தொட்டி கடையில் எடுப்பாகத் தெரியும், ஆனால் கோரிக்கு அதனால் லாபம் இல்லை. காற்றை விழுங்க அது அவ்வப்போது மேலே வந்து போக வேண்டும் என்பதால் குறைந்த உயரமே அதற்கு வசதி.

நிரப்பிய தொட்டி 70 கிலோவைத் தாண்டும். ஆடாத, சமதளமான மேசையில், அடியில் தெர்மாகோல் விரித்து வையுங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரம் கூடாது. மூடி கட்டாயம்.

மணல்: இதில் சமரசம் வேண்டாம்

கடைகளில் தொட்டியோடு சேர்த்து வண்ணக் கற்களைக் கொடுப்பார்கள். அதை அன்போடு மறுத்துவிடுங்கள். கோரி சாப்பிடுவதைக் கிட்டே போய்ப் பார்த்தால் காரணம் புரியும். மீசையால் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் முகத்தைக் கண் வரைக்கும் மணலில் புதைக்கும். ஒரு வாய் மணலை அள்ளும். சல்லடை போலச் சலித்து, உள்ளே இருக்கும் இரையை மட்டும் வைத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக இரு பக்கமும் மெல்லிய தாரையாக வெளியே விடும். நாள் முழுக்க இதுதான் அதன் வேலை. கல் பரப்பிய தொட்டியில் இதில் எதையும் அதனால் செய்ய முடியாது. கல்லிடுக்கில் தீனி சிக்கி அழுகும். கூர்மையான கல்லும் அந்த அழுக்கும் சேர்ந்து மீசையை அரித்துவிடும். மீசை போன கோரிக்கு இரை தேடுவது பெரும்பாடு.

நுண்மையான ஆற்று மணல்தான் சரி. மீன் கடைகளில் சலித்த மணல் பாக்கெட்டில் கிடைக்கும். கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்று மணலாக இருந்தாலும் போதும், ஆனால் சிமெண்ட் கலக்காததாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் வேண்டாம், உடைத்த கல் என்பதால் அதன் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துகளும் உண்டு, அதுவும் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி மணலில் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

மாவுச் சல்லடையில் சலித்து, வாளியில் கொட்டி, மேலே நிற்கும் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை அலசவேண்டி வரலாம். இரண்டடித் தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ மணல் போதும். நான்கு சென்டிமீட்டர் உயரம் வரும். அதற்கு மேல் போட்டால் அடியில் காற்றோட்டமில்லாமல் கருத்து, முட்டை அழுகிய நாற்றம் வரும்.

ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள். ஓட்டையைப் பெரிதாக்கி, நார் நீக்கி, நன்றாகக் கொதிக்கவைத்த கொட்டாங்கச்சி, உடைந்த ஓரம் இல்லாத சிறு மண்சட்டி, ஊறவைத்த மரக்கட்டை எதுவும் சரி. தெருவோர நாட்டுவாதுமை மரத்தடியில் காய்ந்து பழுப்பாக விழுந்த இலைகளைக் கழுவி இரண்டு மூன்று போடலாம். அதன் சாறு தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், கோரிகள் அதன் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். செடிக்கு அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் நல்லது. இரண்டையும் கட்டையில் நூலால் கட்டிவிடலாம் என்பதால் கோரி கிளறினாலும் பிடுங்கிக்கொண்டு வராது. நடுத்தரைப் பகுதியை மட்டும் காலியாக விடுங்கள். அது அவற்றின் மேய்ச்சல் நிலம்.

ஃபில்டரும் தண்ணீரும்

ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். மணலுக்கு அடியில் தட்டு வைக்கும் அண்டர் கிராவல் ஃபில்டர் இங்கே ஆகாது. மணல் உள்ளே இறங்கி அடைத்துக்கொள்ளும். மின்வெட்டு அதிகமுள்ள ஊராக இருந்தால், கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது நல்ல முதலீடு.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டுகள் போட்டாலே போதும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் வெறும் குளோரின் போய்விடும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் போகாது, அப்போது அந்தச் சொட்டு மருந்துதான் வழி. போர் தண்ணீர் என்றால் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அளந்து பாருங்கள். கடையில் கிடைக்கும் பண்ணைக் கோரிகள் ஓரளவு கடினமான தண்ணீரையும் தாங்கும். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5 முதல் 7.8 வரை இருந்தால் கவலை இல்லை. டிடிஎஸ் ஆயிரத்தை நெருங்கும் தண்ணீரில் கோரி வேண்டாம். ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். அமோனியா மேலும் கெட்டது, பிஎச் ஏற ஏற அதன் கடுமையும் ஏறும். போர் தண்ணீர்க்காரர்கள் இதைக் குறிப்பாக மனதில் வையுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை டெஸ்ட் கிட் கொண்டு பாருங்கள். அமோனியா ஏறி இறங்கும், பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். ஆரோக்கியமான மீன் வைத்திருக்கும் நண்பரின் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்து, அதை உங்கள் ஃபில்டருக்குப் பக்கத்தில் போட்டால் இந்தக் காலம் நன்றாகவே குறையும். காத்திருக்கும் இந்த வாரங்களில் பொறுமை இழந்துதான் நிறையப் பேர் மீனைப் பலி கொடுக்கிறார்கள்.

எந்தக் கோரி? வெயிலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

கோரிகளின் தாயகம் தென் அமெரிக்கா. பெரும்பாலானவை 22 முதல் 26 டிகிரி வரை உள்ள தண்ணீரை விரும்புபவை. சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அழகை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு என் முதல் தேர்வு ஸ்டெர்பாய் கோரி. பிரேசில்-பொலிவியா பக்கம் குவாப்போரே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. கருத்த தலையில் வெள்ளைப் புள்ளிகள், பக்கத் துடுப்பின் முன்முள் நல்ல ஆரஞ்சு. மற்றக் கோரிகள் திணறும் 28 டிகிரியில் இது இயல்பாக இருக்கும். டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் தங்கள் வெந்தண்ணீர்த் தொட்டிக்கு இதையே தேடுவது அதனால்தான். விலை கூடுதல், ஆனால் கொடுக்கலாம்.

இரண்டாவது பிரோன்ஸ் கோரி. எங்கும் கிடைக்கும், விலை குறைவு, முரட்டு உடம்பு. சிவந்த கண்ணோடு வெளிறிய நிறத்தில் விற்கும் அல்பினோ கோரியும் பெரும்பாலும் இதே இனம்தான். 2024-ல் ஆய்வாளர்கள் கோரிடோராஸ் பேரினத்தைப் பலவாகப் பிரித்துவிட்டார்கள். பிரோன்ஸ் கோரி இப்போது ஆஸ்டியோகாஸ்டர் என்ற பெயரில் போகிறது. தேடும்போது இரண்டு பெயரும் வந்தால் குழம்ப வேண்டாம், கடையில் பழைய பெயரே போதும். இன்னொன்று: அல்பினோ கோரிக்கு நீலம், சிவப்பு, பச்சை என்று சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. அதை வாங்காதீர்கள். சாயம் ஏற்றுவதே மீனுக்குக் கொடுமை, அதைத் தாங்கிப் பிழைத்ததும் வலுவாக இருக்காது. நிறமும் சில மாதத்தில் போய்விடும்.

பாண்டா கோரி பார்த்ததும் மனதைப் பறிக்கும். குளிர்ந்த தண்ணீருக்கானது, வெயிலில் முதலில் விழுவது இதுதான். பெப்பர் கோரியும் அப்படியே. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்துக் கொண்டுபோன மீன்களில் அதுவும் ஒன்று; 1842-ல் லியோனார்ட் ஜெனின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். அர்ஜென்டினா, உருகுவே பக்கம் குளிர்காலத்தைப் பார்த்து வளர்ந்த இனம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்கள் ஹீட்டரே இல்லாமல் ஆனந்தமாக வளர்க்கலாம். மதுரைக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம்.

பிக்மி கோரி இரண்டரை சென்டிமீட்டர்தான் வளரும். இதற்கு மட்டும் ஒன்றரையடித் தொட்டியே போதும், ஆனால் குறைந்தது பத்து மீன் வேண்டும். இது தரையில் மட்டும் இருக்காது, நடுத் தண்ணீரிலும் கூட்டமாக மிதக்கும்.

எந்த இனமானாலும் ஆறுக்குக் குறையாமல், ஒரே இனத்தில் வாங்குங்கள். கடையில் ஜோடிக் கணக்கில் விலை சொல்வார்கள். மூன்று ஜோடி என்று கேளுங்கள். “எல்லாக் கலரிலும் ஒண்ணொண்ணு போடட்டுமா?” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாண்டாவும் பிரோன்ஸும் பக்கத்தில் பக்கத்தில் படுக்குமே தவிர, தன் இனத்தோடு காட்டும் நெருக்கத்தைக் காட்டாது. ஓய்வாக இருக்கும்போது பக்கவாட்டில் உரசிக்கொண்டு கிடப்பதும், ஒன்று நகர்ந்தால் மீசையால் தட்டி மற்றது எழுவதும் ஒரே இனக் கூட்டத்தில்தான் நன்றாகப் பார்க்கக் கிடைக்கும்.

நம்ம ஊர் அயிரை

கோரியே வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இன்னொரு யோசனை. மதுரைப் பக்கம் குழம்புக்குப் பேர்போன அயிரை அருமையான தொட்டி மீன். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான இந்த மீனுக்கு 1846-ல் அறிவியல் பெயர் கொடுத்தது, திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீரூற்றில் பிடித்த மாதிரிகளை வைத்து. நம் வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். கூட்டமாக வாழும், மணலைச் சலித்துத் தின்னும், எந்த மீனையும் சீண்டாது.

பயந்தால் மணலுக்குள் புகுந்து கண் மட்டும் தெரியக் கிடக்கும். ஆகவே ஓரிரு நாள் ஒன்றும் காணவில்லை என்று தொட்டியைக் கிளறாதீர்கள். அந்தி சாய்ந்ததும் வெளியே வரும். துள்ளிக் குதிக்கும், குழாய் நுழையும் சந்துகூட இல்லாமல் மூட வேண்டும். சந்தையில் உயிரோடு விற்பதை வாங்கினால், நெருக்கடியில் கிடந்து அடிபட்டிருக்கும் என்பதால் மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துத் தேற்றிய பிறகே சேர்க்கவும். எட்டுப் பத்து அயிரை இந்தத் தொட்டிக்குச் சரி. அயிரையும் கோரியும் சேர்த்து வேண்டாம்; இரண்டு கூட்டத்துக்கு இரண்டடித் தரை பற்றாது.

கடையில் பார்க்க வேண்டியவை

மீசை முழுதாக இருக்க வேண்டும். வயிறு உள்வாங்கியிருக்கக் கூடாது. அடிவயிற்றில் சிவப்புத் திட்டு இருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதையுமே வாங்காதீர்கள். கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள், எழுந்து வந்து தேடும் மீனே நல்ல மீன். அன்றைக்குத்தான் லோடு வந்தது என்றால் ஒரு வாரம் கழித்துப் போங்கள். சென்னைவாசிகளுக்குக் கொளத்தூர் இருக்கவே இருக்கிறது. பத்துக் கடை ஏறி இறங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கோரியின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் கூர்முள் உண்டு. வலையில் பிடித்தால் சிக்கிக்கொள்ளும், பிரித்தெடுக்கையில் முள் முறியும், உங்கள் விரலிலும் குத்தும். சிறு டப்பாவிலோ கப்பிலோ ஓட்டிப் பிடிப்பதே நல்லது. மிரண்டால் துடுப்படியிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு நச்சைக் கக்கும். சின்னக் கவரில் நிறையக் கோரிகளை அடைத்துத் தூரம் கொண்டுவந்தால் எல்லாம் ஒன்றாகச் சாவதற்கு அது காரணமாகலாம். கவருக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது கவர்த் தண்ணீரில் நுரை கட்டியிருந்தால், காத்திருக்காமல் மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள்.

மற்றபடி வழக்கம்போல, கவரை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கவரில் சேர்த்து, மீனை மட்டும் விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அன்று இரவு விளக்கு வேண்டாம்.

முதல் நாளே பலருக்குப் பதற்றம் வரும்: மீன் திடீரென்று மேலே பாய்ந்து, தண்ணீர்ப் பரப்பைத் தொட்டு, அதே வேகத்தில் கீழே விழுகிறதே என்று. அது காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கிறது. இயல்பான பழக்கம்தான். எல்லாமே ஓயாமல் அப்படிச் செய்தால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்று பொருள்.

தீனி

மேல் மீன்கள் தின்று மிஞ்சியது கோரிக்குப் போதாது. மூழ்கும் பெல்லட்டைத் தனியாகப் போட வேண்டும். இரவு விளக்கை அணைத்த பிறகு போட்டால் மேல் மீன்கள் வந்து பிடுங்காது. வாரம் ஓரிரு நாள் உறைந்த ரத்தப்புழு அல்லது ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) கொடுங்கள். உயிருள்ள டூபிஃபெக்ஸ் புழுவைக் கோரி வெறியோடு தின்னும், ஆனால் அது சாக்கடை நீரில் வளர்வது, நோய் கொண்டுவரும். நான் பரிந்துரைக்க மாட்டேன். காலையில் மணல்மேல் பெல்லட் மிச்சமிருந்தால் அளவு அதிகம். குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு அடுத்த நாள் குறையுங்கள்.

மேலே யாரை விடலாம்

கோரிகள் வந்து மூன்று வாரம் நன்றாக இருந்த பிறகு மேல் மீன்களைச் சேருங்கள். எட்டுப் பத்து ஹார்லெகுவின் ரஸ்போரா அல்லது சிறிய டெட்ரா. தண்ணீர் கடினமாக இருந்தால் ஆண் குப்பிகள் பொருந்தும். ஒரு ஜோடி ஹனி கௌராமியும் சரிதான். டைகர் பார்ப், சிக்லிட் வகைகள், கோல்டு ஃபிஷ் கூடாது. சக்கர் மீனும் வேண்டவே வேண்டாம். அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வைக்க இடமில்லாமல் பலர் வெளியே விட்டதில்தான் தமிழ்நாட்டு ஏரி குளங்களில் அது பெருகி நாட்டு மீன்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. தொட்டி மீன் எதுவாக இருந்தாலும் வேண்டாமென்றால் கடைக்கோ நண்பருக்கோ கொடுங்கள், நீர்நிலையில் விடாதீர்கள்.

வாராந்தர வேலையும் கோடைக்காலமும்

வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். குழாயை மணலுக்குச் சற்று மேலே பிடித்தால் கழிவு மட்டும் ஏறும், மணல் கீழேயே நிற்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர்கள் போய்விடும். ஒவ்வொரு தடவையும் கைப்பிடி கல் உப்பு போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோரித் தொட்டியில் அது வேண்டாம். மருந்து போட நேர்ந்தாலும் பாதி அளவில் தொடங்குங்கள்.

மாசிக் கடைசியிலேயே கோடைக்குத் தயாராகுங்கள். தண்ணீர் சூடேற ஏற அதில் ஆக்சிஜன் குறையும். மூடிக்குப் பதில் கொசுவலையைக் கட்டி, சிறிய மின்விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும். ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்புகள் ஏறிக்கொண்டே போகும். பகலில் விளக்கைக் குறையுங்கள், தீனியையும் குறையுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். சட்டென்று ஏறி இறங்கும் சூடு, நிலையான சூட்டைவிடக் கெடுதல்.

ஐப்பசி மழை பிடித்ததும் வேறு காட்சி. குளிர்ந்த தண்ணீரை மாற்றிய மறுநாள் காலை, கண்ணாடியில் கடுகளவு முட்டைகள் ஒட்டியிருக்கலாம். பெண் கோரி வயிற்றுத் துடுப்புகளை மடித்து அதில் முட்டையைத் தாங்கிக் கொண்டுபோய் ஒட்டும். விட்டுவைத்தால் தொட்டியிலுள்ள மீன்களே தின்றுவிடும். குஞ்சு பொரிக்க ஆசையிருந்தால் விரலால் மெதுவாக உருட்டி எடுத்து, அதே தண்ணீர் நிரப்பிய டப்பாவில், ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள். மூன்று நான்கு நாளில் பொரியும். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்ததை உடனே எடுத்துவிட வேண்டும்.

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். நன்றாகத் தின்று வளர்ந்த கோரி ஐந்தாறு நாள் பட்டினியை எளிதாகத் தாங்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் மாற்றி, ஏர் பம்ப் ஓடுகிறதா என்று மட்டும் தினம் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.